பட்டிமன்றத் தலைப்பு: சின்சினாட்டி கொரில்லாவைச் சுட்டது சரியா? மயக்க ஊசி ஏன் போடவில்லை?

நகரி_தமிழாசிரியை

வணக்கம். நகரி பக்கம் தமிழ் வழிப் பள்ளி, ஒன்பதாம் வகுப்பு. அடுத்த மாதம் பிள்ளைகளைத் திருப்பதி எஸ்.வி. ஜூவுக்குக் கூட்டிப்போகிறோம். அதற்கு முன் வகுப்பில் ஒரு பட்டிமன்றம் வைக்க நினைத்தேன். 2016 மே 28 அன்று அமெரிக்காவின் சின்சினாட்டி ஜூவில் மூன்று வயதுப் பையன் கொரில்லா அகழிக்குள் விழுந்தான், ஹராம்பே என்ற 17 வயது ஆண் கொரில்லாவைச் சுட்டுக்கொன்றார்கள். அதுதான் தலைப்பு. ஒரு அணி "சுட்டது சரி", இன்னொரு அணி "சுட்டிருக்கக் கூடாது".

ஒத்திகையிலேயே சிக்கிக்கொண்டோம். எதிரணிப் பிள்ளைகள் எல்லாரும் "மயக்க ஊசி போட்டிருக்கலாமே" என்ற ஒரே வாக்கியத்தில் நிற்கிறார்கள். ஆதரவு அணி "மனித உயிர் பெரிது" என்பதோடு உட்கார்ந்துவிடுகிறது. இரண்டுக்கும் மேல் போக எனக்கும் விஷயம் போதவில்லை. மூன்று கேள்விகள்: மயக்க ஊசி உண்மையில் எவ்வளவு நேரத்தில் வேலை செய்யும்? நம் ஊர் ஜூவில் இப்படி நடந்தால் சட்டம் என்ன சொல்கிறது? இது யார் தப்பு, அம்மாவுடையதா, ஜூவுடையதா?

உணர்ச்சிப் பேச்சு நிறையக் கிடைத்துவிட்டது, தயவுசெய்து விவரம் தாருங்கள்.

---

சித்தூர்_கால்நடை

டீச்சர், ஊசியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். சட்டத்துக்கு வேறு யாராவது வருவார்கள்.

சினிமாவில் ஊசி பட்டதும் மிருகம் சரிகிறது. நிஜத்தில் மருந்து தசைக்குள் போய், ரத்தத்தில் கலந்து, மூளைக்கு ஏற வேண்டும். புலி, சிறுத்தைக்கு இந்தியாவில் பெரும்பாலும் சைலசின், கீட்டமின் இரண்டையும் சேர்த்துப் போடுவார்கள். அமைதியாக இருக்கும் மிருகத்துக்கு, ஊசி சரியான தசையில் இறங்கி, முழு மருந்தும் உள்ளே போனால், தள்ளாட்டம் தொடங்கவே மூன்று நான்கு நிமிடம் ஆகும். படுக்க 5 முதல் 15 நிமிடம். "அமைதியாக இருந்தால்" என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். மிரண்ட மிருகத்தின் உடம்பில் அட்ரினலின் ஏறியிருக்கும்போது அதே அளவு மருந்து இன்னும் தாமதமாகும். சில நேரம் பாதி மயக்கத்தோடு நின்றுவிடும், இரண்டாவது டோஸ் தேவைப்படும்.

ஹராம்பே சுமார் 200 கிலோ. கீட்டமின் மட்டும் என்றால் குரங்கினத்துக்குக் கிலோவுக்கு ஏறத்தாழ 10 மி.கி., ஆக 2,000 மி.கி. வழக்கமான கரைசலில் ஒரு மில்லிக்கு 100 மி.கி. இருக்கும், அப்படியானால் 20 மில்லி மருந்து. துப்பாக்கியால் எய்யும் டார்ட் ஊசிகளின் கொள்ளளவு சாதாரணமாக 3 முதல் 5 மில்லி, பெரிய ரகம் 10 மில்லி. ஆகவே ஒரே டார்ட்டில் அடங்க, தூளாக வரும் டிலெட்டமின்-சோலசெபாம் போன்ற மருந்தைக் குறைந்த நீரில் கெட்டியாகக் கரைத்து எடுக்க வேண்டும். அதைக் கரைக்க, டார்ட்டில் நிரப்ப, பின்பக்க அறையில் காற்றழுத்தம் ஏற்ற, துப்பாக்கியில் தூரத்துக்குத் தக்கபடி வாயு அழுத்தத்தைத் திருப்பிவைக்க, பழகிய கைக்கே சில நிமிடங்கள் பிடிக்கும். நம் நாட்டில் கீட்டமின் அட்டவணை எக்ஸ் மருந்து, போதைமருந்துச் சட்டத்துக்குள்ளும் வரும். பூட்டிய அலமாரி, பதிவேடு, கையெழுத்து எல்லாம் உண்டு. சாவி டாக்டரிடம் இருக்கும், டாக்டர் ஜூவின் மறுகோடியில் இருப்பார்.

பிறகு அடிபடும் இடம். தொடை அல்லது தோள் தசையில் செங்குத்தாகப் பட வேண்டும். கொழுப்பில் இறங்கினால் மருந்து மெதுவாகத்தான் ஊறும். எலும்பில் பட்டால் டார்ட் தெறிக்கும். ஊசியின் பக்கத் துளையை மூடியிருக்கும் சிலிக்கான் உறை பின்னால் நகராவிட்டால் மருந்தே இறங்காது. இன்னொன்று: கொரில்லாவுக்குக் கை இருக்கிறது! குத்தியதும் பிடுங்கி எறியும்.

ஊசி குத்தும் நொடியில் வலி, கோபம். அந்த நேரம் பையன் அதன் கால்களுக்கு நடுவில் இருக்கிறான். ஊசி வேலை செய்தாலும் 200 கிலோ உடம்பு எந்தப் பக்கம் சரியும் என்று சொல்ல முடியாது. கீழே அகழித் தண்ணீர். ஜூவின் இயக்குநர் தேன் மேனார்ட் அன்று சொன்ன காரணமும் இதுதான்: மருந்து ஏறும்வரை காத்திருக்கும் நிமிடங்களே ஆபத்து. பிள்ளைகள் இதை மறுக்க வேண்டுமானால் வேறு வாதம் தேட வேண்டும், மயக்க ஊசியை விட்டுவிடச் சொல்லுங்கள்.

---

கொல்லங்கோடு_வாசகன்

டாக்டர் சொல்வதை ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் எதிரணிக்கு வாதம் இல்லாமல் இல்லை. அவர்கள் கையில் இரண்டு பழைய சம்பவங்களைக் கொடுங்கள்.

1986 ஆகஸ்ட் 31, ஜெர்சி தீவு ஜூ. ஐந்து வயதுப் பையன் கொரில்லா இடத்தில் விழுந்து மூர்ச்சையானான். ஜம்போ என்ற பெரிய ஆண் கொரில்லா பக்கத்தில் உட்கார்ந்து அவன் முதுகைத் தடவியது. மற்ற கொரில்லாக்களுக்கும் பையனுக்கும் நடுவில் நின்றது. பையன் கண்விழித்து அழுததும் விலகிப்போனது.

1996 ஆகஸ்ட் 16, சிகாகோ அருகே ப்ரூக்ஃபீல்டு ஜூ. மூன்று வயதுப் பையன். பின்டி ஜூவா என்ற எட்டு வயதுப் பெண் கொரில்லா, தன் குட்டியை முதுகில் வைத்துக்கொண்டே, அவனைத் தூக்கிப்போய்க் கீப்பர் வரும் கதவருகே வைத்தது.

இரண்டிலும் துப்பாக்கி இல்லை, இரண்டு பிள்ளைகளும் பிழைத்தார்கள். சின்சினாட்டி வீடியோவில் ஹராம்பே பையனைத் தண்ணீரில் இழுத்ததும் தெரிகிறது, நிறுத்தி நிமிர்த்தியதும் தெரிகிறது. சிம்பன்சி ஆய்வாளர் ஜேன் குடாலே அந்த ஜூவுக்கு எழுதிய கடிதத்தில், அது பையனைக் கைக்குள் அணைத்ததுபோலத் தெரிகிறது என்ற பொருளில் குறிப்பிட்டார். கூட்டத்தைக் காலி செய்து, சத்தத்தை அடக்கி, கீப்பர் இன்னும் ஐந்து நிமிடம் பேச்சுக் கொடுத்திருந்தால்? இந்தக் கேள்வியை எதிரணி கேட்கலாம். சுடுவதிலும் பையனுக்கு ஆபத்து இருந்ததே, அதையும் கேட்கலாம்.

---

சித்தூர்_கால்நடை

கொல்லங்கோட்டாரே, நல்ல உதாரணங்கள். ஆனால் அவை பாதிதான் உதவும்.

பின்டி ஜூவாவை மனிதர்கள் கையால் வளர்த்தார்கள். தாய்மை தெரியாமல் போகுமோ என்று, அது கருவுற்றிருந்தபோது பொம்மையைத் தூக்கிக் கீப்பரிடம் கொண்டுவரப் பழக்கியிருந்தார்கள். அன்று அது செய்ததில் அந்தப் பழக்கமும் கலந்திருக்கிறது. கூடவே, மற்ற கொரில்லாக்கள் நெருங்காமல் கீப்பர்கள் தண்ணீர்க் குழாயைப் பீய்ச்சினார்கள். ஜெர்சியில் பையன் அசையாமல் கிடந்தான். சின்சினாட்டிப் பையன் விழித்திருந்தான், அசைந்தான், மேலே கூட்டம் அலறியது.

ஹராம்பேயின் நோக்கம் என்ன என்பதில் நான் இறங்கமாட்டேன், அது வீண் வாதம். ஆண் கொரில்லா மிரளும்போது உடம்பை விறைத்து, நடையைப் பெருக்கி, கையில் கிடைத்ததை இழுத்துக்கொண்டு ஓடும். அது மிரட்டல் காட்சி, தன் பலத்தைக் காட்டுவது. கையில் கிடைத்தது மரக்கிளையா பிள்ளையா என்பது அதற்குப் பெரிதில்லை. அன்பாகவே இழுத்திருந்தாலும் அகழியின் கான்கிரீட்டில் மூன்று வயதுத் தலை இடித்தால் போதும். பையன் மண்டை அதிர்ச்சியோடும் சிராய்ப்போடும் தப்பினான்.

சுடுவதிலும் ஆபத்து இருந்தது என்பது சரியான புள்ளி. நெஞ்சில் பட்டால் பெரிய மிருகம் சில நொடிகள் ஓடும், அந்த நொடிகள் போதும் பிள்ளையை நசுக்க. ஆகையால் தலைக்குத்தான் குறிவைக்க வேண்டும். குண்டு ஊடுருவிப் போனால் பின்னால் என்ன இருக்கிறது, கான்கிரீட்டில் பட்டுத் தெறிக்குமா, சுடும் கோட்டுக்குக் கீழே பிள்ளை இருக்கிறானா, எல்லாம் பார்க்க வேண்டும். அங்கே ஆபத்தான விலங்குகளுக்கென்றே பயிற்சி பெற்ற குழு ஜூவுக்குள் இருந்தது, ஒரே தோட்டாவில் முடித்தார்கள். விழுந்ததிலிருந்து சுமார் பத்து நிமிடம். அந்தக் குழு இல்லாமல் வெளியிலிருந்து போலீசை வரவழைத்திருந்தால் கதை வேறு. நம் பக்கத்து ஜூக்களுக்குக் கேட்க வேண்டிய கேள்வியும் இதுவே: துப்பாக்கி எந்த அறையில், சுடத் தெரிந்தவர் யார், உத்தரவு கொடுப்பவர் விடுமுறையில் இருந்தால் அடுத்து யார்?

கூட்டத்தைக் காலி செய்வது பற்றி நீங்கள் சொன்னதற்கு என் முழு ஓட்டு. 2014 செப்டம்பர் 23 டெல்லி ஜூ. வெள்ளைப்புலி விஜய் முன்னால் ஒரு இளைஞர். புலி உடனே பாயவில்லை, சுமார் பத்து நிமிடத்துக்கு மேல் எதிரில் நின்று பார்த்தது, கையை நீட்டிப் பார்த்தது. மேலிருந்தவர்கள் காப்பாற்றுவதாக நினைத்துக் கல் எறிந்தார்கள், சத்தம் போட்டார்கள். பிறகுதான் கழுத்தைக் கவ்வியது. கல் எறியாமல் இருந்தால் பிழைத்திருப்பாரா என்று யாரும் உறுதி சொல்ல முடியாது, ஆனால் கல் எந்த நிலையிலும் உதவாது.

---

வேலிக்கணக்கு

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். எனக்கு இந்த விவாதம் முழுக்கவும் தப்பான இடத்தில் நடக்கிறது என்று தோன்றும். துப்பாக்கியும் ஊசியும் கடைசிப் பத்து நிமிடக் கதை. விஷயம் முடிவானது கைப்பிடி வேலியை வரைந்த அன்றே.

சின்சினாட்டி கொரில்லா இடம் 1978இல் திறந்தது. பார்வையாளர் பக்கத்தில் 36 அங்குலத் தடுப்பு, அதற்கப்பால் புதர், அதற்கப்பால் சுமார் 15 அடி பள்ளம். பையன் தடுப்பைத் தாண்டி, புதருக்குள் தவழ்ந்து, விளிம்பிலிருந்து விழுந்தான். 38 ஆண்டுகளாக ஒருவரும் உள்ளே போனதில்லை என்று ஜூ சொன்னது, அது உண்மையும்கூட. ஆனால் விபத்து நடக்காததை வைத்து வேலி நல்ல வேலி என்று முடிவு கட்ட முடியாது. முந்தைய அரசு ஆய்வுகளும் குறை சொல்லவில்லை. சம்பவத்துக்குப் பிறகு, அதே 2016 நவம்பரில் வெளியான அமெரிக்க வேளாண் துறை ஆய்வறிக்கை, அந்தத் தடுப்பு விதிக்கு உட்பட்டதாக இல்லை என்றது. ஜூன் 7இல் மறுபடி திறந்தபோது தடுப்பு 42 அங்குலம், மேலே கனத்த மரச்சட்டம், கீழே முடிச்சுப் போட்ட கயிற்று வலை, கூடுதலாகக் கண்காணிப்புக் கேமரா. பாருங்கள், பத்து நாளில் முடிந்த வேலை.

வேலியில் என்ன தவறுகிறது என்று பிள்ளைகளுக்குச் சொல்ல:

குறுக்குக் கம்பி வைத்தால் அது ஏணி. செங்குத்துக் கம்பிதான் வேண்டும், இடைவெளி 10 செ.மீ.க்குள். அதற்கு மேல் போனால் சின்னப் பிள்ளையின் உடம்பு நுழையும், தலை சிக்கும். அடியில் செங்கல் திண்டு கட்டினால் வேலியின் உயரத்தைத் திண்டின் மேலிருந்து அளக்க வேண்டும், தரையிலிருந்து அளந்து 42 அங்குலம் என்று கணக்குக் காட்டுவது ஏமாற்று. வேலியருகே பெஞ்ச், குப்பைத்தொட்டி, பூந்தொட்டி எது இருந்தாலும் அது படிக்கட்டு. வேலிக்கும் பள்ளத்துக்கும் நடுவில் அடர்ந்த செடி வைப்பது அழகுக்கு நல்லது, ஆனால் பிள்ளை உள்ளே போனதை மறைத்துவிடும். செடி வேண்டுமென்றால் முள்செடி வையுங்கள், அல்லது அதற்குள் ஒரு வலை ஓடட்டும்.

மேற்பகுதியைச் சாய்வாக, அகலமாக வைத்தால் பெற்றோர் பிள்ளையை அதன்மேல் நிறுத்துவார்கள். 2012 நவம்பரில் பிட்ஸ்பர்க் ஜூவில் ஆப்பிரிக்கக் காட்டுநாய்கள் இருந்த இடத்தில் நடந்தது இதுதான். இரண்டு வயதுக் குழந்தையைத் தாய் கைப்பிடி மேல் தூக்கிக் காட்டினார், குழந்தை தவறியது. கீழே வலை இருந்தும் அதில் பட்டுத் துள்ளி உள்ளே விழுந்தது. 11 நாய்கள். குழந்தை இறந்துவிட்டது, ஒரு நாயும் சுடப்பட்டது. விழுவதைப் பிடிக்க வலை கட்டினால் அது தொய்வாக, வெளிப்பக்கம் ஏறுமுகமாக இருக்க வேண்டும். விறைப்பாகக் கட்டினால் தூக்கி எறியும்.

அம்மா தப்பா என்றால், சின்சினாட்டி அரசு வழக்கறிஞர் 2016 ஜூன் 6 அன்று வழக்குப் போடமாட்டேன் என்று சொல்லிவிட்டார். "பெற்றோரைத் தண்டியுங்கள்" என்று இணையத்தில் ஐந்து லட்சம் கையெழுத்துக்கு மேல் சேர்ந்தது. பையனின் குடும்பம் கறுப்பினக் குடும்பம், அந்தக் கூச்சலில் நிறவெறியும் கலந்திருந்தது, அதை ஒன்பதாம் வகுப்பில் எவ்வளவு பேசுவது என்பது உங்கள் விருப்பம் டீச்சர். மூன்று வயதுப் பிள்ளை சில நொடிகளில் நழுவும் என்பதைக் கணக்கில் வைத்து வேலி கட்டுவதுதான் வேலி கட்டுபவன் வேலை. திருவிழாக் கூட்டத்தில் பிள்ளை தொலைப்பதற்குத் தாயைக் குற்றவாளி ஆக்குகிறோமா?

கதவுப் பயிற்சி பற்றியும் ஒரு வரி. அன்று கீப்பர்கள் கூப்பிட்டதும் இரண்டு பெண் கொரில்லாக்கள் உள்கூண்டுக்குப் போய்விட்டன. ஹராம்பே மட்டும் போகவில்லை. தினமும் ஒரே மணி, ஒரே விசில், மிகப் பிடித்த தீனி அந்த நேரத்துக்கு மட்டும், வந்தவுடன் கொடுப்பது, என்று பழக்கினால்தான் அவசரத்தில் மூன்று விலங்கில் இரண்டு விலங்காவது வரும். மூன்றும் வந்தால் அதிர்ஷ்டம். எதிரில் புதுப்பொருள் ஒன்று கிடக்கும்போது தீனி தோற்றுவிடும்.

---

பிரிவு_பதினொன்று

சட்டம். சுருக்கமாக.

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972, பிரிவு 11. உட்பிரிவு (1)இன்படி மாநிலத் தலைமை வனவிலங்குக் காப்பாளர் காரணம் எழுதி உத்தரவு போட்டால் மனித உயிருக்கு ஆபத்தான முதல் அட்டவணை விலங்கை, அதாவது உச்சப் பாதுகாப்புப் பட்டியலில் உள்ளதைக் கொல்லலாம். அதற்கும் நிபந்தனை: பிடிக்கவோ, மயக்கவோ, இடம் மாற்றவோ முடியாது என்று அவர் திருப்தி அடைய வேண்டும். 2025 ஜனவரியில் வயநாடு பஞ்சாரக்கொல்லியில் காப்பிப் பறிக்கப் போன பெண்ணைப் புலி கொன்றபோது கேரள அரசு அதை ஆட்கொல்லி என்று அறிவித்தது இந்த வழியில்தான். அந்தப் புலி சுடப்படுமுன்னே 27ஆம் தேதி செத்துக் கிடந்தது.

ஜூ அகழிக்குள் பிள்ளை விழுந்த பத்து நிமிடத்தில் அந்த உத்தரவு வராது. அதற்குத்தான் 11(2): தன்னையோ பிறரையோ காக்க நல்லெண்ணத்தில் வனவிலங்கைக் கொன்றால், காயப்படுத்தினால் குற்றமில்லை. ஒரு விதிவிலக்கு உண்டு. அந்தத் தற்காப்பு தேவைப்பட்ட நேரத்தில் நீங்களே இந்தச் சட்டத்தை மீறிக்கொண்டிருந்தால் தப்ப முடியாது. செத்த விலங்கு அரசுச் சொத்து, அது 11(3).

கூண்டு விலங்கு "வனவிலங்கா" என்று குறுக்குக் கேள்வி வரும். வேட்டை என்பதன் விளக்கத்தில் கூண்டில் உள்ள விலங்கைக் கொல்வதும் சேர்ந்தே இருக்கிறது. இதற்கு மேல் சந்தேகம் என்றால் பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 19: பெரிய தீங்கைத் தடுக்க, குற்ற நோக்கமின்றி, நல்லெண்ணத்தோடு சின்னத் தீங்கு செய்வது. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 81. பட்டிமன்றத்துக்கே எழுதினதுபோல் ஒரு பிரிவு, ஏனென்றால் எது பெரிய தீங்கு என்பதை அதுவும் அந்தச் சூழ்நிலையிடமே விடுகிறது.

பார்வையாளருக்கு அதே வனவிலங்குச் சட்டத்தின் பிரிவு 38ஜே: ஜூவில் விலங்கைச் சீண்டுவது, காயப்படுத்துவது, தீனி போடுவது, சத்தம் போட்டுத் தொந்தரவு செய்வது, குப்பை போடுவது எல்லாம் குற்றம். ஜூவுக்குப் போகுமுன் பிள்ளைகள் இதைப் படித்துவிட்டுப் போகட்டும்.

நீங்கள் போகும் ஜூவிலேயே 2024 பிப்ரவரியில் ஒருவர் தாமாகவே சிங்கத்தின் இடத்துக்குள் குதித்து இறந்தார். சிங்கத்தைக் கொல்லவில்லை. தானாகக் குதித்த பெரியவருக்கும் தவறி விழுந்த பிள்ளைக்கும் 11(2)இல் வித்தியாசம் இல்லை, "பிறர்" என்றால் யாராக இருந்தாலும் பிறர்தான்.

---

நகரி_தமிழாசிரியை

ரொம்ப நன்றி எல்லாருக்கும். ஒரு சிக்கல் புதிதாக வந்திருக்கிறது. எங்கள் பிள்ளைகளில் பாதிப்பேருக்கு 2023 ஆகஸ்டில் திருமலைக்கு ஏறும் அலிபிரி நடைபாதையில் சிறுத்தை ஆறு வயதுக் குழந்தையைக் கொன்றது நன்றாக ஞாபகம் இருக்கிறது. "அந்தச் சிறுத்தையை ஏன் சுடவில்லை, கொரில்லாவை மட்டும் ஏன் சுட்டார்கள்" என்று ஒரு பையன் கேட்டுவிட்டான். என்ன பதில்?

---

பிரிவு_பதினொன்று

நல்ல பையன். சுடும் நொடியில் காப்பாற்ற ஒரு உயிர் எதிரில் இருந்ததா என்று திருப்பிக் கேளுங்கள். சின்சினாட்டியில் இருந்தது. அலிபிரியில் குழந்தை இறந்த பிறகுதான் தேடல், அப்போது 11(2) பொருந்தாது, (1)க்குத்தான் போக வேண்டும், அதில் முதல் படி பிடிப்பது. கூண்டு வைத்துச் சிறுத்தைகளைப் பிடித்தார்கள். பிடிபட்டதுதான் கொன்றதா என்பதற்கு மரபணு மாதிரிகளை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். காட்டில் அடையாளம் தெரியாமல் சுட்டால் வேறொரு சிறுத்தை சாகும். ஜூவில் அந்தக் குழப்பமே இல்லை, ஒரு ஹராம்பேதான்.

---

கொல்லங்கோடு_வாசகன்

கூடவே, அங்கேயும் வேலிக்கணக்கார் சொன்ன கதைதான். தேவஸ்தானம் 15 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளை மதியம் 2 மணிக்குப் பிறகு நடைபாதையில் விடவில்லை. பக்தர்களுக்குத் தடி கொடுத்ததைத்தான் எல்லாரும் கேலி செய்தார்கள், நேரக் கட்டுப்பாட்டை யாரும் பேசவில்லை. சிறுத்தை அந்தி சாயும்போது நடமாடும், குழந்தை உயரத்தில் தனியாகப் போகும் எதையும் இரையாகப் பார்க்கும். நேரக் கட்டுப்பாடு அங்கே வேலி மாதிரி. எதிரணி இதையும் எடுத்துக்கொள்ளட்டும்.

---

வேலிக்கணக்கு

டீச்சர், தலைப்பையே கொஞ்சம் மாற்றலாமா? "சுட்டது சரியா" என்றால் டாக்டர் எழுதியதைப் படித்ததும் எதிரணி தோற்றுவிடும். "ஹராம்பே சாவுக்குக் காரணம் துப்பாக்கியா, வேலியா, கூட்டமா" என்று மூன்று அணி வையுங்கள்.

ஜூவுக்குப் போகும் அன்று இரண்டு பிள்ளைகளிடம் அளவு நாடா கொடுங்கள். ஒவ்வொரு திறந்த அகழி இடத்திலும் நான்கு அளவு: கால் வைக்கக்கூடிய மிக உயர்ந்த இடத்திலிருந்து தடுப்பின் உச்சி வரை, கம்பி இடைவெளி, தடுப்பிலிருந்து பள்ளத்தின் விளிம்பு வரை கண்ணளவில், ஒரு மீட்டர் சுற்றளவில் ஏறி நிற்கத் தோதான பொருள் என்ன இருக்கிறது. கை தடுப்பைத் தாண்டக் கூடாது, நாடாவும் தாண்டக் கூடாது. காவலரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் 38ஜேயில் உங்களையே பிடிப்பார்கள்.

42 அங்குலத்துக்குக் குறைவாக எங்காவது வந்தால் படத்தோடு ஜூவின் பொறுப்பதிகாரியான க்யூரேட்டருக்கு ஒரு கடிதம் எழுதச் சொல்லுங்கள். தெலுங்கில் எழுதினால் சீக்கிரம் நகரும்.